அடுத்தவர் பை

நாற்பதைத் தாண்டிய ஒருத்திக்கு வேலை இடத்தில் புதுப்பெயர் வைத்தால் அது கேலிப்பெயராகத்தான் இருக்கும். சார்ஜக்காவுக்கு வாய்த்தது மட்டும் பாராட்டுப் பெயர். வீடு வீடாகப் போய், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைப் பார்த்துவரும் நர்சுகளில் அவளும் ஒருத்தி. சாயங்காலப் பேருந்து மேட்டில் ஏறி டவர் கிடைக்கத் தொடங்கும் நேரத்தில் மற்ற நர்சுகளின் போன்கள் ஒன்று செத்திருக்கும், இல்லை சிவப்புக் கோட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் போனில் மட்டும் பாதிக்கு மேல் பச்சை நிற்கும். "அக்கா, சார்ஜ் இருக்கா?" என்று ஆளாளுக்கு இருக்கையைத் தாண்டிக் கை நீட்டுவார்கள். ஒருத்திக்குப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்ல வேண்டும், இன்னொருத்திக்கு அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம். "இருக்கு" என்று போனைக் கொடுப்பாள். அந்த ஒரு வார்த்தையில் ஊருக்கே படியளக்கிறவளின் தோரணை இருக்கும்.

முதலில் "ஃபுல் சார்ஜ் அக்கா" என்றுதான் பெயர் வைத்தார்கள். லேத் பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷன் அதைக் கேட்டுவிட்டு, "முழுப் பேரையும் வெளியில சொல்லாத. ஃபுல்லுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு வேற ஞாபகம் வரும்" என்றான். அப்படித்தான் அது சார்ஜக்காவாகச் சுருங்கியது.

அந்தப் போன் அவளுடையது இல்லை, அலுவலகத்துடையது. எல்லா நர்சுக்கும் ஒரே மாதிரிப் பழைய போன். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, புண்ணைக் கழுவியாயிற்றா, மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அதில் அங்கேயே பதிய வேண்டும். அவர்கள் போகிற வீடுகளெல்லாம் மலை மடிப்புக்குள் ஆளுக்கொரு மூலையில் கிடப்பவை. அங்கே டவர் என்ற பேச்சே கிடையாது. சாயங்காலம் பேருந்து மேட்டில் ஏறிய பிறகுதான் பதிவுகள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அதுவரை அன்றைய உழைப்பு முழுவதும் ஒரு கண்ணாடித் துண்டுக்குள் இருக்கும். விழுந்தால் போச்சு.

அதற்காகத்தான் அலுவலகத்துப் போன்காரர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு போன்கள் பக்கத்தில் வந்தால் டவர் இல்லாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒன்றின் பதிவுகளுக்கு ஒரு நகல் எடுத்து மற்றொன்று வைத்துக்கொள்ளும். அப்படி வாங்கி வைக்கிற இடத்துக்குப் போனில் ஒரு பையின் படம் போட்டு, கீழே 'அடுத்தவர் பை' என்று எழுதியிருந்தது. "வீட்டுச் சாவிய எப்படிப் பக்கத்து வீட்டுல ஒண்ணு கொடுத்து வைப்பீங்க? அதுதாங்க இது" என்று போன்காரர் சொன்னபோது எல்லாருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. சாவி கொடுக்காத வீடு எது?

ஆனால் நகல் கொடுப்பதும் வாங்குவதும் சார்ஜைத் தின்னும். பகல் முழுக்க ஏற்றிக்கொள்ள வழி இல்லாத ஊரில், பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நகலை வாரி இறைக்க முடியுமா? அதனால் போன்காரர் சிக்கனமாக ஒரு சட்டம் வைத்தார். ஒரு பதிவுக்கு ஒரு நகல் போதும். அதையும் பக்கத்தில் இருப்பவற்றில் எந்தப் போனில் சார்ஜ் அதிகமோ அதனிடம் கொடு. அது வாங்கிக்கொண்டதும் கொடுத்த போன் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். பிறகு வேறு யாரையும் தொந்தரவு செய்யாமல் வாயை மூடிக்கொள்ளும். வாங்கிய போன்தான் பாவம். அடுத்தவர் சுமையை வைத்துக்கொண்டு, டவர் தெரிகிறதா, தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பை நிறைய நிறையப் போன் சூடாகும், சார்ஜ் இறங்கும்.

இந்த இடத்தில் ஒளிவு மறைவு எதற்கு? சார்ஜக்காவின் போன் சூடாகாது. காரணம், அவள் பையைக் காலி செய்துவிடுவாள்.

அதைக் கற்றுக்கொண்டதே தற்செயலாகத்தான். ஒருமுறை போன் பழுதாகி அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, போன்காரர் அந்தப் பைப் படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தார். 'காலி செய்' என்று ஒரு வரி வந்தது. தொட்டார். பை காலியாயிற்று. "சோதிச்சுப் பார்க்கறதுக்காக வச்சது இது" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தார். அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கண் மட்டும் பார்த்து வைத்துக்கொண்டது.

அவள் மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சாயங்காலம் அரை மணி நேரம்தான் பிள்ளைகளைப் பேச விடுவார்கள். அந்த அரை மணி நேரம் அவள் பேருந்தில் இருக்கிற நேரம். ஒரு வாரம் தொடர்ந்து போன் செத்துப்போய், மகள் அழைத்து அழைத்துப் பார்த்து, கடைசியில் அப்பாவிடம் அழுதிருக்கிறாள். "எல்லா அம்மாவும் பேசுறாங்க, எங்கம்மா மட்டும்தான் பேசறதில்ல" என்று. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு சார்ஜக்கா அந்தப் பைப் படத்தை அழுத்திப் பிடித்தாள். முதல் தடவை நெஞ்சு படபடத்தது. அசல் அவரவர் போனில் பத்திரமாக இருக்கிறதே, நகல் போனால் யார் குடி முழுகப் போகிறது என்று சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலம் யார் குடியும் முழுகவில்லை. மகள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அடுத்த நாள் நெஞ்சு அவ்வளவு படபடக்கவில்லை.

மகளுக்காகத்தான் என்று சொன்னால் அது பாதி உண்மை. மகள் போனை வைத்த பிறகும் சார்ஜ் மிச்சம் இருக்குமே! அதில் ஒரு தொடர் பார்க்கப் பழகிக்கொண்டாள். அதில் வருகிற மாமியாரின் அக்கிரமத்தைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடுவாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், சார்ஜ் எங்கே அதிகமோ அங்கே கொடு என்பதுதானே சட்டம்? பையைக் கொட்டிக் கொட்டி அவள் போனில்தான் எப்போதும் சார்ஜ் அதிகம். ஆக, யார் கொட்டுகிறாளோ அவளிடமே எல்லாருடைய போனும் தேடிப்போய் ஒப்படைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நர்சுகள் ஒரு பழைய பம்ப் கொட்டகையில் கூடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்ததும் சுற்றிலும் டிங், டிங் என்று சத்தம் எழும். "அக்கா வந்தாச்சு, நம்ம பாரம் இறங்கியாச்சு" என்பாள் சின்னவள் என்று எல்லாரும் கூப்பிடும் புது நர்சு. சார்ஜக்காவும் சிரிப்பாள்.

போதாக்குறைக்கு சூப்பர்வைசரம்மா வேறு அவளை ஒரு கூட்டத்தில் எழுப்பி நிறுத்தினார். "இவங்க போனை மட்டும் பாருங்க. எல்லாருக்கும் ஒரே போன், ஒரே வேலை. இவங்களால மட்டும் எப்படி முடியுது? கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றார். அவளும் கூச்சமே இல்லாமல் சொல்லிக் கொடுத்தாள். திரை வெளிச்சத்தைக் குறைக்கணும், சட்டைப் பையில வைக்காம கைப்பையில வைக்கணும், சும்மா சும்மா எடுத்துப் பார்க்கக் கூடாது. அதையெல்லாம் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். கீழே அவள் படம். பாவம், சின்னவள் அதையெல்லாம் ஒன்று விடாமல் கடைப்பிடித்தும் சாயங்காலம் போன் செத்துப்போய், "எனக்குத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அதைக் கேட்கும்போதாவது சார்ஜக்காவுக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் டவர் கிடைத்துவிடும், மகள் அழைத்துவிடுவாள், மறந்துவிடும்.

அந்த நர்சுகளிலேயே மூத்தவர் நிதானக்கா. பேச்சு நிதானம், நடை நிதானம், நோயாளி வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதும் நிதானம். மற்றவர்கள் இரண்டு வீடு முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு வீடுதான் முடிப்பார். அதற்காக அலுவலகத்தில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்னொரு தடவை புகார் வந்தால் அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். காலில் வலுவில்லாத தம்பியும் அவருமாக இருக்கிற வீடு. அவர் வேலைக்குப் போனால்தான் அங்கே அடுப்பு எரியும்.

ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல், ஓடையைத் தாண்டுகிற பலகையில் நிதானக்காவின் கால் வழுக்கியது. அவருக்குச் சிராய்ப்புதான். போன் தண்ணீருக்குள் போய்விட்டது. ஈரப் புடவையோடு துழாவி எடுத்தபோது அதற்கு உயிர் இல்லை. நிதானக்கா பதறவே இல்லையாம். "காலையில பதிஞ்சது எல்லாம் மத்தியானமே நகல் கொடுத்தாச்சு. மத்தியானத்துக்கு மேல பார்த்தது ஒரு வீடுதான், அத வாயால சொல்லிடலாம்" என்று பேருந்தில் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னார். பக்கத்து இருக்கையில் இருந்த சார்ஜக்காவின் கையிலிருந்த போன் அவளையறியாமல் மடிக்கு நழுவியது. அன்று மத்தியானம் நிதானக்கா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டிங் என்று கேட்டது. சாப்பிட்ட கையோடு அவள் பையைக் காலி செய்திருந்தாள்.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று காலையில் நிதானக்கா பார்த்த முதல் வீடு ஒரு கடிகாரக்காரருடையது. ஊருக்கெல்லாம் நேரம் சரிசெய்து கொடுத்த மனிதர். இப்போது காலையில் நடந்தது மத்தியானம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. மகன் வேலையிலிருந்து வந்து, "நர்சு வந்தாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறான். "யாரும் வரலையே" என்றிருக்கிறார். மகன் அலுவலகத்தைக் கூப்பிட்டான். அங்கே பார்த்தால் பதிவே இல்லை. மறுநாளே கூட்டம் போட்டுவிட்டார்கள்.

போகாத வீட்டுக்குப் போனதாகச் சொல்லி மாட்டிக்கொண்ட நர்சு ஒருத்தி முன்பு அங்கே இருந்தாள். அதிலிருந்து சூப்பர்வைசரம்மாவுக்குப் பாம்பென்றும் தெரியாது, பழுதென்றும் தெரியாது. எல்லாமே பாம்புதான். "போகலைன்னா போகலைன்னு சொல்லிடுங்க. அதுக்காகப் போனைத் தண்ணியில போடணுமா?" என்றார்.

நிதானக்கா நின்றுகொண்டிருந்தார். "போனேம்மா. கால் விரலுக்கு நடுவுல எல்லாம் பார்த்தேன். நகமும் வெட்டி விட்டேன். எல்லாத்தையும் பதிஞ்சேன். மத்தியானம் டிங்னு கேட்டுச்சு" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

சூப்பர்வைசரம்மா போன்காரரைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், யார்மேலும் அவருக்கு வன்மம் கிடையாது. எல்லாருடைய போனையும் வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பதிஞ்சிருந்தா ஒரு நகல் யார்கிட்டயாவது கண்டிப்பா இருக்கணுங்க. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே. யார்கிட்டயும் இல்லைன்னா..." என்று இழுத்தார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது. நகல் இல்லை, அதனால் பதிவு இல்லை. பதிவு இல்லை, அதனால் போகவில்லை. காப்பாற்றுவதற்காக வைத்த ஏற்பாடே நிதானக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

"மத்தியானம் இவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றார் நிதானக்கா.

எல்லாரும் சார்ஜக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் அவள் படம் வேறு சிரித்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரம்மா கேட்டார், "உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது. நன்றாகக் கேட்டது. எழுந்து நின்று, ஆமாம், கேட்டது, என் போன்தான் வாங்கியது, நான்தான் கொட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம். அந்தச் சுவரொட்டி, சின்னவளின் முகம், பேருந்தில் நீளும் கைகள், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"கவனிக்கல" என்றாள்.

நிதானக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ஒருவர் பேசி முடிக்கக் காத்திருக்கிறவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தன் மருந்துப் பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விசாரணை முடிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பேருந்து மேட்டில் ஏறியதும் மகள் அழைத்தாள். தேர்வில் நல்ல மதிப்பெண், தோழிக்குப் பிறந்தநாள் என்று கொட்டித் தீர்த்தாள். இந்தப் பக்கம் 'ம்' மட்டும்தான்.

"என்னம்மா, பேசவே மாட்டேங்குற? சார்ஜ் இல்லையா?"

"இருக்கு" என்றாள். சொன்னதும் அந்த வார்த்தை வாயில் கசந்தது. முன் இருக்கையிலிருந்து சின்னவள் திரும்பி, "அக்கா, முடிச்சதும் எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்றாள். போனை அப்படியே கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே.

வீட்டில் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "நீதான் கொட்டினன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன? விடு. அந்தம்மா எப்படியும் ரிட்டயர் ஆகற வயசுதான்."

இதைத்தான் அவன் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஆசைப்பட்டிருந்தாள். சொன்னான். தன் மனத்துக்குள் இருந்த வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து வரும்போதுதான் அதன் நாற்றம் தெரிகிறது. "உனக்கு வெக்கமா இல்ல?" என்று அவன்மேல் பாய்ந்தாள். "எனக்கெதுக்கு வெக்கம்? நானா கொட்டினேன்?" என்றான் அவன், நியாயமாகவே.

சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, குறுகுறுப்பு என்று மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். அது தொண்டையில் சிக்கிய முள். வேலைக்குப் போனாள், வந்தாள். கொட்டகையில் அவள் வந்து உட்கார்ந்ததும் சுற்றிலும் டிங், டிங் என்று கேட்கும். ஒவ்வொரு டிங்குக்கும் முதுகில் யாரோ தட்டியதுபோல நிமிர்ந்து உட்காருவாள். பையைக் காலி செய்ய விரல் போகவில்லை. போன் சூடேறியது. பேருந்தில் கை நீட்டியவர்களிடம், "இன்னைக்கு இல்லை" என்றாள். "அக்காவுக்கே சார்ஜ் இல்லையா!" என்று சின்னவள் வாயைப் பிளந்தாள்.

விடுமுறை நாளில் நிதானக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். மாடியில் ஒற்றை அறை. மூலையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தார். நிதானக்கா தரையில் உட்கார்ந்து, கீழ்வீட்டுக்காரரின் காலைத் தொட்டியில் வைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. "வா. அந்தத் துண்டை எடு. இந்தக் காலைப் பிடி" என்றார். பிடித்தாள். புண்ணைக் கழுவி, ஒற்றி, கட்டுப் போட்டு, கீழ்வீட்டுக்காரர் படி இறங்கிப் போகிறவரை வேறு ஒரு வார்த்தை இல்லை. அதிலும் நிதானம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "சொல்லு."

"அக்கா, அன்னைக்கு உங்க நகல் என்கிட்டதான் வந்துச்சு. நான்தான்..."

"கொட்டிட்ட."

"தெரியுமா?"

"கூட்டத்துல நான் யாரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்னு நினைக்கிற? சூப்பர்வைசரையா?"

எப்படித் தெரியும் என்று சார்ஜக்கா கேட்பதற்குள் நிதானக்காவே சொன்னார்.

"ஒரு நாள் பஸ்ல உன் போனை வாங்கித் தம்பிகிட்ட பேசினேன். ஜில்லுனு இருந்துச்சு. மத்தியானம் அத்தனை பேரோட சுமையும் அதுல ஏறுச்சு. நாலு பேரு பாரத்தைச் சுமக்கிற போன் ஜில்லுனு இருக்குமா? இத்தனை வருஷம் நெத்தியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற கை இது. எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"நீ மகளோட பேசிக்கிட்டிருந்த. எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு சிரிக்கிறது கேட்டுச்சு. சரி, பேசிட்டுப் போகட்டும்னு விட்டேன். என் போன் தண்ணியில விழும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

இதற்குப் பதிலாக அவர் நாலு வசவு வைதிருக்கலாம், கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம். அவள் அழுதாள். நிதானக்கா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. துண்டை உதறி ஜன்னல் கம்பியில் காயப் போட்டார்.

"கூட்டத்துலயாவது என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமேக்கா."

"நீயே சொல்லுவன்னு நினைச்சேன்" என்றார். "கேக்குறாங்கல்ல, இப்பச் சொல்லிடுவான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். கவனிக்கலைன்னுட்ட."

கீழே யாரோ குழாயடியில் பாத்திரம் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட வந்து அழுது என்ன ஆகப் போகுது?" என்றார் நிதானக்கா எழுந்துகொண்டே. "எங்க சொல்லணுமோ அங்க சொல்லு. போ."

மறுநாள் காலையில், எல்லாரும் மருந்துப் பையை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், சார்ஜக்கா சூப்பர்வைசரம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். போன்காரரையும் வரச் சொன்னாள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை. போனை எடுத்தாள், பைப் படத்தின்மேல் விரலை வைத்தாள், அழுத்திப் பிடித்தாள். 'காலி செய்' என்ற வரி வந்தது. அதை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதைத்தான் தினமும் பண்ணிக்கிட்டிருந்தேன். அன்னைக்கும் பண்ணினேன். டிங் சத்தம் கேட்டுச்சு. கவனிக்கலைன்னு பொய் சொன்னேன். அக்கா அந்த வீட்டுக்குப் போனாங்க."

அறையில் பஞ்சு உருளையைப் பிரிக்கிற சத்தம் கூட நின்றுவிட்டது. போன்காரரின் முகம் சிவந்தது. "இப்படி ஒண்ணு உள்ள இருக்கறதே எனக்கு மறந்துபோச்சுங்க" என்று தலையைச் சொறிந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாரோ என்னவோ. சின்னவள் மட்டும் கேட்டாள், மெல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப்போல: "அப்ப வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னீங்களேக்கா?"

சூப்பர்வைசரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. நிதானக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இவளிடம், "உங்களையும் நிறுத்தினா வீடுகளுக்குப் போக எனக்கு ஆள் இல்ல. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். வேலையை விட்டு அனுப்பியிருந்தால் வீட்டில் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம். அந்தப் பாக்கியமும் இல்லை. அவள் படி இறங்கும்போது யாரோ சுவரொட்டியைக் கிழிக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

போன்காரர் காலி செய்கிற வழியை அடைத்துவிட்டார். ஒரு நகலுக்குப் பதில் இரண்டு போன்களில் இரண்டு நகல் என்று சட்டத்தையும் மாற்றினார். ஒன்றாவது தப்பிக்கட்டுமே! எல்லாருடைய போனும் இன்னும் சீக்கிரம் சாகத் தொடங்கியது. அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரைக்கூட மாற்றவில்லை. "சார்ஜக்கா, தள்ளி உக்காருங்க" என்று பழைய மாதிரியேதான் கூப்பிட்டார்கள். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டால் அவ்வளவு லேசில் போகாது. கூப்பிடுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. கேட்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காது கூசியது. மகளோடு பேசுகிற அரை மணி நேரம் விடுமுறை நாளுக்குப் போய்விட்டது, அதுவும் புருஷன் போனில். "உன் போனுக்கு என்னம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "பழைய போன்டி" என்று சொல்லிவிட்டாள். எல்லாரிடமும் சொல்லியாயிற்று, அந்த ஒருத்தியிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

நிதானக்கா திரும்பி வந்தார். புதுப் போன் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் மத்தியானம் கொட்டகையில் அவர் எங்கே உட்காரப் போகிறார் என்று எல்லாருமே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில், சார்ஜக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டை அதே நிதானத்தோடு மென்றார். டிங் என்றது. சார்ஜக்கா தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

கை கழுவி, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி நிதானக்கா கேட்டார். "இருக்கா?"

பேருந்தில் ஆயிரம் தடவை அவளிடம் கேட்கப்பட்ட அதே கேள்வி. அவள் அவசர அவசரமாகப் போனை எடுத்து, பையைத் திறந்து பார்த்து, "இருக்குக்கா" என்றாள்.

நிதானக்கா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையைப் போனின் முதுகில் வைத்தார். ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தார். சூடாகத்தான் இருந்தது. நிமிர்ந்து ஓடைப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மத்தியானங்கள் வந்துபோய்விட்டன. இருவரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள், ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிடுகிறார்கள், அவள் தலைவலிக்கு நிதானக்கா மாத்திரை கொடுக்கிறார். கிளம்புகிற நேரத்தில் மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் வரும். சார்ஜக்கா "இருக்குக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை போனைத் தொட்டுவிடும்.